ஐபாடை அசைக்குமா ஜூன்?

2006-ல் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தப்ப, அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா பையன் போன் பண்ணினார். "பொங்கலுக்கு வர்றேன்டா. நீ கேட்ட மியூசிக் பிளேயர் வாங்கணும்ல, எது வேணும்? ஐபாடா, ஜூனா?"

"ஜூனா?" என்று நான் சத்தமா திருப்பிக் கேட்டுட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாங்க. "பொங்கலுக்கு வர்றேன்னுதானே சொன்னான்? இப்ப எதுக்கு ஜூனுக்குத் தள்ளிப் போடறான்?"

அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவே பத்து நிமிஷம் ஆச்சு. தெரியாதவங்களுக்காக இங்கேயும் சொல்லிடறேன். ஜூன் என்பது மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பர் 14 அன்று அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மியூசிக் பிளேயர். ஆப்பிளின் ஐபாடோடு மோதுவதற்காகவே செய்தது. அப்ப விலை 249.99 டாலர். டாலருக்கு 45 ரூபாய் என்று போட்டால் பதினோராயிரத்துச் சொச்சம். ரெண்டு பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு ஒரு வருஷம் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. அதனால்தான் இவ்வளவு ஆராய்ச்சி. வேற யார் காசாவது இருந்தா, "எதையாவது வாங்கிட்டு வாங்கண்ணே"ன்னு சொல்லியிருப்பேன்.

ஹாஸ்டல் திரும்பினதும் மெஸ்ஸில் இந்தக் கேள்வியைப் போட்டேன். சாம்பார் ஆறிப்போற வரைக்கும் சண்டை. முக்கால்வாசிப் பேர் சொன்னது இதுதான்: "மச்சி, மைக்ரோசாஃப்ட் இறங்கிட்டான்ல? ஐபாட் கதை முடிஞ்சது."

எனக்கு அப்படித் தோணல. ஏன்னு சொல்றேன்.

ஸ்பெக் ஷீட்டில் ஜெயிச்சாச்சு

முதல்ல ஜூனுக்கு நியாயம் செஞ்சுடுவோம். பேப்பரில் பார்த்தால் அது நல்ல சாமான். ஐபாடிலும் 30 ஜிபி, இதிலும் 30 ஜிபி. விலையும் அப்ப கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்தது. ஐபாடின் திரை இரண்டரை அங்குலம், இதில் 3 அங்குலம். இதில் எஃப்எம் ரேடியோ இருக்கு. அப்ப ஐபாடில் ரேடியோ வேணும்னா தனியா காசு கொடுத்து ஒரு இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. எல்லாத்துக்கும் மேலே ஜூனில் வைஃபை இருக்கு. பக்கத்தில் இன்னொரு ஜூன் வச்சிருக்கிறவருக்குக் காத்து வழியாவே பாட்டு அனுப்பலாம். கொஞ்சம் கனம் கூட, பிரவுன் கலரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாருன்னு தெரியல. மத்தபடி குறை சொல்ல முடியாது.

நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்க இங்கேதான் ஏமாறறோம். ஒரு டேபிள் போடுவோம், எந்தப் பக்கம் டிக் மார்க் அதிகமோ அதுக்குக் கப்பைக் கொடுத்துடுவோம். எங்க பைனல் இயர் புராஜெக்ட் முதல் ரிவியூவில் பதினாலு ஃபீச்சர் எழுதி ஸ்லைடு போட்டோம். கைடு எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிப்பா, இதை யார் யூஸ் பண்ணுவாங்க?" நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

ஐபாடின் கதையே இந்த டேபிளுக்கு எதிரான கதைதான். எம்பி3 பிளேயரைக் கண்டுபிடிச்சது ஆப்பிள் இல்லை. 1998-லேயே கொரியாவிலிருந்து எம்பிமேன் வந்தாச்சு, அமெரிக்காவில் ரியோ வந்தாச்சு. ரியோவில் 32 எம்பி. எட்டுப் பாட்டு போட்டா நிறைஞ்சிடும். 2000-ல் சிங்கப்பூர் கம்பெனியான கிரியேட்டிவ், 6 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு நோமாட் ஜூக்பாக்ஸ் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் வந்த முதல் ஐபாடில் இருந்தது 5 ஜிபிதான். விலை 399 டாலர், அதுவும் மேக் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் வேலை செய்யும். டேபிள் போட்டுப் பார்த்திருந்தா ஐபாடை யாரும் தொட்டே இருக்க மாட்டாங்க.

ஆனா நோமாட் ஒரு சிடி பிளேயர் சைஸ். ஐபாட் சட்டைப் பையில் போகும், ஏன்னா டோஷிபாவின் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்கை ஆப்பிள் உள்ளே வச்சது. நோமாடில் பாட்டு ஏத்த யுஎஸ்பி 1.1, செகண்டுக்கு 12 மெகாபிட். ஐபாடில் ஃபயர்வயர், 400 மெகாபிட். ஒண்ணில் பாட்டை ஏத்தப் போட்டுட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். இன்னொண்ணில் டீ குடிச்சிட்டு வந்தா வேலை முடிஞ்சிருக்கும். ஆயிரம் பாட்டிலிருந்து ஒண்ணைத் தேட, விரலால் சுத்துற ஒரு சக்கரம். அப்புறம் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை திறந்து, பாட்டு ஒண்ணு 99 சென்ட்டுன்னு வித்தாங்க. அதே வருஷம் அக்டோபரில் அது விண்டோஸுக்கும் வந்தது. அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2006 செப்டம்பரில் முடிஞ்ச ஒரு நிதியாண்டில் மட்டும் ஆப்பிள் வித்த ஐபாட் 3 கோடியே 90 லட்சத்துக்கு மேல். அப்ப அமெரிக்க மார்க்கெட்டில் நாலில் மூணு பங்கு அவங்ககிட்ட இருந்தது.

ஆக, கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், கடை, கையில் இருக்கிற பிளேயர் எல்லாத்துக்கும் நடுவில் எங்கேயும் இடறாம போற வழியைத்தான் ஆப்பிள் வித்தது.

சோனி தோத்த இடம்

"தலைவன் எப்பவும் தலைவனா இருக்க மாட்டான்ல?" என்று நீங்க கேட்பீங்க. சரியான கேள்வி. 1979-ல் வாக்மேன் கொண்டுவந்து, நடந்துகிட்டே பாட்டு கேட்கலாம்னு உலகத்துக்குக் கத்துக்கொடுத்ததே சோனிதான். எங்க அப்பா எந்த கேசட் பிளேயரையும் வாக்மேன்னுதான் இன்னும் சொல்வார். அப்படிப்பட்ட சோனி எப்படிக் கோட்டை விட்டது?

1988-ல் சோனி, சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கி பாட்டு விக்கிற கம்பெனியாவும் ஆச்சு. எம்பி3 வந்ததும் ஒரு கைக்கு ஆசை, இன்னொரு கைக்குப் பயம். பாட்டு எல்லாம் ஓசியில் பரவிடுமேன்னு பயந்து, தன்னுடைய ஏட்ராக் என்ற ஃபார்மட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது. 2004-ல் ஐபாடுக்குப் போட்டியா வந்த ஹார்ட் டிஸ்க் வாக்மேன்கூட எம்பி3-யை நேரா வாசிக்கல. உங்ககிட்ட இருக்கிற பாட்டையெல்லாம் ஏட்ராக்குக்கு மாத்தித்தான் ஏத்தணும். ஜனங்க பொறுமையா மாத்திக்கிட்டா இருப்பாங்க? பிளேயரையே மாத்திட்டாங்க.

பாட்டு கேட்கிறவனுக்காக செய்யறதா, பாட்டு விக்கிறவனுக்காக செய்யறதா? சோனி இதில் குழம்பித்தான் தோத்தது. இப்ப ஜூனைப் பாருங்க.

மூணு நாள், மூணு தடவை

ஜூனின் பெரிய பெருமையே வைஃபை பகிர்வுதானே? நான் உங்களுக்கு ஒரு பாட்டு அனுப்பினா, நீங்க அதை மூணு தடவை கேட்கலாம்னுதான் 2006-ல் விதி இருந்தது. இல்லேன்னா மூணு நாள். எது முதல்ல வருதோ அதோட பூட்டு விழுந்துடும். கடையில் வாங்கின பாட்டுக்கு மட்டும்னா புரிஞ்சுக்கலாம். நம்ம கல்ச்சுரல்ஸுக்காக நம்ம பசங்களே பாடி ரெக்கார்ட் பண்ணின பாட்டை அனுப்பினாலும் அதே மூணு தடவைதான். சொந்தப் பாட்டுக்கும் பூட்டு!

அப்ப அந்த வைஃபையை வச்சு கடையிலிருந்து பாட்டு இறக்க முடியல. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏத்தவும் முடியல. இன்னொரு ஜூனோடு மட்டும்தான் பேசிச்சு. நம்ம நாலாயிரம் பேர் கேம்பஸில் நான் ஒருத்தன் மட்டும் ஜூன் வச்சிருந்தா, அது ராத்திரி பகலா துணை தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். எல்லாரும் வாங்கினா மட்டுமே பயன்படுற வசதியைக் காட்டி முதல் ஆளை எப்படி வாங்க வைப்பீங்க?

போதாததுக்கு, விக்கிற ஒவ்வொரு ஜூனுக்கும் ஒரு டாலருக்கு மேல் யுனிவர்சல் மியூசிக் கம்பெனிக்குக் கொடுக்க மைக்ரோசாஃப்ட் 2006-ல் ஒத்துக்கிச்சு. அதாவது வாங்குறவன் பாட்டைத் திருடி வச்சிருப்பான்னு முன்கூட்டியே ஒரு அபராதம்.

இதை எழுதும்போதே எனக்கு உறுத்துது. நம்ம ஹாஸ்டல் லேனில் கிடக்கிற பாட்டில் எத்தனைக்கு நாம காசு கொடுத்தோம்? கேட்டா தலையைக் குனிஞ்சுக்க வேண்டியதுதான். தப்பு தப்புதான். ஆனா இந்தப் பூட்டு யாரைத் தடுக்குதுன்னு யோசிங்க. காசு கொடுக்காம எடுத்தவனுக்கு எந்தப் பூட்டும் கிடையாது. காசு கொடுத்து வாங்கினவன்தான் மாட்டிக்கிறான்.

ஆப்பிள் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. அப்ப ஐடியூன்ஸில் வாங்கின பாட்டிலும் பூட்டு இருந்தது, அதை வேற கம்பெனி பிளேயரில் கேட்க முடியல. ஆனா அஞ்சு கம்ப்யூட்டர் வரைக்கும் அனுமதி இருந்தது, ஐபாட் எத்தனை வேணும்னாலும் வச்சுக்க முடிஞ்சது. பெரும்பாலானவங்க கையில் அந்தப் பூட்டு தட்டுப்படவே இல்லை. ஜூனில் அந்தப் பூட்டைத்தான் முன் வாசலிலேயே மாட்டி வச்சிருந்தாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். மைக்ரோசாஃப்ட் 2004-லிருந்து 'பிளேஸ் ஃபார் ஷூர்' என்று ஒரு முத்திரை கொடுத்து, கிரியேட்டிவ், சாம்சங், ஐரிவர் எல்லாரையும் தன் பக்கம் சேர்த்து வச்சிருந்தது. "இந்த முத்திரை இருந்தா பாட்டு நிச்சயம் பாடும்" என்று அர்த்தம். அந்தக் கடைகளில் வாங்கின பாட்டு ஜூனில் பாடாது! கூட்டாளியையும் கைவிட்டாச்சு, அவங்க வாடிக்கையாளரையும் கைவிட்டாச்சு. கடையிலும் அப்ப டாலர் கணக்கு இல்லை, பாயிண்ட் கணக்குதான் இருந்தது. ஒரு பாட்டு 79 பாயிண்ட். 79 சென்ட்டுன்னு நினைச்சா ஏமாந்தோம், அது 99 சென்ட். ஒரே ஒரு பாட்டு வேணும்னாலும் அஞ்சு டாலருக்குப் பாயிண்ட் வாங்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் சில்லறை இல்லைன்னு மீதியை டிக்கெட் பின்னாடி எழுதிக் கொடுக்கிற மாதிரி.

மைக்ரோசாஃப்டை லேசா எடைபோடலாமா?

கூடாது. நெட்ஸ்கேப்பை எதிர்த்து 1995-ல் வந்த முதல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கு நெட்ஸ்கேப் எங்கே? எக்ஸ்பாக்ஸ் முதல் ரவுண்டில் பிளேஸ்டேஷன் 2-கிட்ட நல்லா அடி வாங்கிச்சு. ஆனா 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3-க்கு ஒரு வருஷம் முன்னாடியே களத்தில் இறங்கிடுச்சு. காசும் பொறுமையும் அவங்ககிட்ட கொட்டிக் கிடக்கு. ரெண்டாவது, மூணாவது ஜூன் நல்லாவே வரலாம்.

ஆனா அதுக்குள்ளே ஆட்டமே மாறிடும்னு எனக்குத் தோணுது. எங்க ரூமில் ஒருத்தன் வாக்மேன் போன் வச்சிருக்கான். 512 எம்பி கார்டு, நூறு பாட்டுக்கு மேல் இருக்கு. ராத்திரி பாட்டு கேட்கிறான், நடுவில் வீட்டிலிருந்து கால் வந்தா பாட்டு தானா நிக்குது, பேசி முடிச்சதும் விட்ட இடத்திலிருந்து பாடுது. பேட்டரி சீக்கிரம் போயிடும், உண்மைதான். 30 ஜிபி கிட்ட நெருங்கக்கூட முடியாது, அதுவும் உண்மைதான். ஆனா நோமாட் பக்கத்தில் ஐபாடும் அப்படித்தானே இருந்தது? பாக்கெட்டில் ரெண்டு சாமான் வச்சுக்க யாருக்குப் பிடிக்கும்?

ஆப்பிளுக்கும் இது தெரிஞ்சிருக்கு. 2005-ல் மோட்டோரோலாவோடு சேர்ந்து ஐடியூன்ஸ் பாடுற போன் ஒண்ணு விட்டாங்க. கார்டில் இடம் இருந்தாலும் நூறு பாட்டுக்கு மேல் ஏத்த முடியாதுன்னு ஒரு கட்டுப்பாடு வேற. ஐபாட் விற்பனை கெட்டுடக் கூடாதேன்னு பயம்தான் காரணம்னு நினைக்கிறேன். சோனிக்கு வந்த அதே காய்ச்சல். ஐபாடுக்கு ஆபத்துன்னா அது ஜூனிலிருந்து வராது, இந்தப் பயத்திலிருந்துதான் வரும். அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒழுங்கா ஒரு போன் செய்யறவன்தான் அடுத்த தலைவன். அது ஆப்பிளாவே இருந்தாலும் சரி.

கடைசியில் ஒரு ராத்திரி அண்ணனுக்கு மெயில் போட்டேன். 2006-ல் ஐடியூன்ஸ் கடையும் இந்தியாவில் இல்லை, ஜூன் கடையும் இல்லை. நம்ம ஊரைப் பொறுத்தவரை ரெண்டுமே எம்பி3 போடற டப்பாதான். அதுக்குப் பதினோராயிரம் தர மனசு வரல. "ரெண்டும் வேணாம்ணே, இங்கேயே ஒரு பாட்டு போன் வாங்கிக்கிறேன். நீங்க மட்டும் பத்திரமா வாங்க"ன்னு எழுதினேன்.

அம்மாகிட்ட போனில் இதைச் சொன்னேன். "அப்ப ஜூன் வேணாமா?"ன்னு கேட்டாங்க.

"வேணாம்மா. பொங்கலுக்கே வரட்டும்."