மனசு சோர்ந்தால் சர்க்கரை ஏறும்! எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து

இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். ஆண்டு 1986. அன்று அது வந்தால் சாவு நிச்சயம் என்று ஊரே நடுங்கியது. 2004-ல் அரசு ஆஸ்பத்திரியில் இலவச கூட்டு மருந்து வந்தது. இன்று மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்கள் பேரன் பேத்தி பார்க்கிறார்கள்.

இப்போது வேறு எதிரி. சர்க்கரை வியாதி!

மனச்சோர்வு பிடித்தவருக்கு சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். எச்.ஐ.வி. இல்லாதவருக்கும் இதே கதைதான்.

காரணம் என்ன? தூக்கம் கெடுகிறது. நடை நிற்கிறது. கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் சர்க்கரையை ஏற்றுகிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். ஊர் ஒதுக்கிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஜிடோவுடின் போன்ற பழைய மாத்திரைகளும் சர்க்கரையைக் கூட்டக்கூடியவை.

இன்னொரு சிக்கல். 3 மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, இவர்களுக்கு சர்க்கரையைக் குறைத்துக் காட்டலாம். வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனையே நல்லது.

மருந்து வாங்கப் போகிற நாளில், "ராத்திரி தூக்கம் வருதா?" என்று யாராவது கேட்கணும். கேட்கவில்லையா? நீங்களே சொல்லிடுங்க. 14416-க்கு போன் போட்டால் மனநல ஆலோசனை இலவசம்.

பக்கத்து சீட்டுக்காரரை ஒதுக்காமல் இருப்பதும் ஒரு மருந்துதான்!