வரி இலக்கம் எடுப்பதா, விடுவதா? போரினால் பாதிக்கப்பட்ட மக்களின் சிறு அமைப்புகளும் இறைவரிச் சட்டமும்

2024 ஜனவரி முதல் 18 வயதைக் கடந்த அனைவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவுசெய்து வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, வடக்கு கிழக்கில் இயங்கும் சிறு அமைப்புகளிடமிருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். “நாங்கள் தனித்தனியாக இலக்கம் எடுத்துவிட்டோம். எங்களுடைய சங்கத்துக்கும் எடுக்கவேண்டுமா? எடுத்தால் பிறகு யார் யாரெல்லாம் வந்து கேள்வி கேட்பார்கள்?”

கேள்வியின் முதற்பாதி சட்டம் சம்பந்தப்பட்டது. இரண்டாம் பாதி எமது அனுபவம் சம்பந்தப்பட்டது. முதற்பாதிக்குப் பதில் சொல்லக்கூடிய கணக்காளர்கள் இரண்டாம் பாதியைப் புரிந்துகொள்வதில்லை. இரண்டாம் பாதியை நன்றாகப் புரிந்த எம்மவர்கள், அந்தப் பயத்தினாலேயே முதற்பாதியைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான முயற்சியே இந்தக் கட்டுரை.

இரண்டு பதிவுகள், ஒரே பயம்

ஒரு அமைப்பைப் ‘பதிவது’ என்று எமது ஊர்களில் சொல்லும்போது பல விடயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு வழியில் பதியப்படுகின்றன. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது இன்னொரு வழி. நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதுவது மற்றொன்று. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் வழியாகப் பதிவது வேறொன்று. இவை அனைத்தும் அமைப்பு என்ற ஆளுருவை உருவாக்கும் அல்லது மேற்பார்வை செய்யும் பதிவுகள். இறைவரித் திணைக்களத்தில் பதிவது இவற்றிலிருந்து வேறானது. அது பணத்தைப் பற்றியது.

ஆனால் மக்களுடைய பயம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2009 மே மாதம் அமைக்கப்பட்ட வடமாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் வன்னியில் ஒரு நிறுவனம் வேலைத்திட்டம் எதனையும் தொடங்க முடியாதிருந்தது. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2014 ஜூலையில் அதே செயலகம், அரச சார்பற்ற நிறுவனங்கள் ஊடகவியலாளர் மாநாடு நடத்துவதையும் ஊடகவியலாளர்களுக்குப் பயிற்சி வழங்குவதையும் ஊடக அறிக்கை வெளியிடுவதையும் நிறுத்துமாறு சுற்றறிக்கை அனுப்பியது. நலன்புரிச் சங்கமொன்றைப் பதிந்த மறுவாரமே நிர்வாகசபை உறுப்பினர்களின் பெயர் விபரங்களைக் கேட்டுப் புலனாய்வுப் பிரிவினர் வீட்டுக்கு வருவது இந்த மண்ணில் யாருக்கும் புதினமல்ல. ஆகவே அரசாங்கத்திடம் கொடுக்கும் எந்தப் படிவமும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று மக்கள் நினைப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால், பயம் நியாயமானது என்பதற்காக அதிலிருந்து எடுக்கும் முடிவும் சரியானது என்று ஆகிவிடாது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

பதியாவிட்டால் வரி இல்லையா?

2018 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ள 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனத்தைப் பதிவுச் சான்றிதழை வைத்து அடையாளம் காண்பதில்லை, அது செய்யும் வேலையை வைத்தே அடையாளம் காண்கிறது. சிலர் தன்னார்வமாக ஒன்றுசேர்ந்து, வறியவர்கள், நோயாளர்கள், அநாதைகள், விதவைகள், சிறுவர்கள் போன்றோருக்கு மனிதாபிமான உதவி செய்து, அதற்காக உள்நாட்டு அல்லது வெளிநாட்டு நன்கொடைகளில் தங்கியிருந்தால், அவர்கள் சட்டத்தின் பார்வையில் அரச சார்பற்ற நிறுவனமாகக் கருதப்படலாம். செயலகத்தில் பெயர் இல்லை என்பது இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு பதில் அல்ல. “நாங்கள் எங்கேயும் பதியவில்லை, எனவே எங்களுக்கு வரி இல்லை” என்று எமது இடங்களில் பரவலாக நிலவும் நம்பிக்கை தவறானது.

இனி வரியின் அளவு. ஒரு வியாபார நிறுவனம் இலாபத்துக்கு வரி செலுத்துகிறது. அரச சார்பற்ற நிறுவனத்துக்கு இலாபம் இல்லை என்பதால், அது பெறும் நன்கொடையின் 3 சதவீதம் அதன் வருமானமாகக் கருதப்படும் என்று சட்டம் ஒரு கற்பனையைச் செய்துகொள்கிறது. அந்த 3 சதவீதத்தின் மீது இப்போதைய 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. அதாவது கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஒரு சங்கத்துக்கு 10 இலட்சம் ரூபா வந்தால், 30,000 ரூபா வருமானமாகக் கணிக்கப்பட்டு அதில் 9,000 ரூபா வரியாகும். அந்த 10 இலட்சமும் கடைசி ரூபா வரை கோழிக்கூட்டுக்கும் தையல் மெசினுக்கும் செலவாகியிருந்தாலும் வரி வரிதான்.

9,000 ரூபா பெரிய தொகையா என்று கேட்கலாம். இதைவிடப் பெரிய பிரச்சினை தண்டப்பணம். வருமான விபரத்திரட்டை உரிய காலத்தில் சமர்ப்பிக்காவிட்டால், 50,000 ரூபாவும் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000 ரூபாவும் என்ற கணக்கில் 4 இலட்சம் ரூபா வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வரியோ 9,000. தண்டமோ அதன் பல மடங்கு. கடமை இருக்கிறதா என்று தெரியாமலே இருந்துவிடும் ஒரு சிறு சங்கத்துக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அமைப்பின் வகையும் முக்கியமானது. தர்மநோக்கத்துக்காக மட்டும் இயங்கும் நிறுவனம் சட்டத்தில் வேறு வகையாகப் பார்க்கப்படுகிறது. அதன் வரி விகிதம் 14 சதவீதம். சிறுவர், முதியோர் அல்லது மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்காகவே செலவிடப்படும் வங்கி வட்டிக்கு அவ்வாறான நிறுவனம் விலக்குக் கோரலாம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வங்கியிலேயே கழிக்கப்படும் நிலையில் இது சிறிய விடயமல்ல. ஆகவே யாப்பை எழுதும்போது நோக்கங்கள் என்ற பகுதியில் என்ன வார்த்தைகளைப் போடுகிறோம் என்பது, பின்னர் எந்தப் பெட்டிக்குள் திணைக்களம் எம்மை வைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பக்கத்து ஊர்ச் சங்கத்தின் யாப்பைப் பார்த்தெழுதும் பழக்கத்தின் விலை இது.

இடம்பெயர்ந்தோர் எங்கே?

போரினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது. அரசாங்கத்தினால் அடையாளம் காணப்பட்ட பிரதேசமொன்றில் இடம்பெயர்ந்தவர்களின் புனர்வாழ்வு, உட்கட்டமைப்பு, வாழ்வாதார உதவி ஆகியவற்றுக்காக மட்டும் ஒரு நிறுவனம் இயங்கினால், நான் மேலே சொன்ன வரியைக் குறைக்கவோ நீக்கவோ இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. அனர்த்தமொன்றின் தன்மையையும் பாரதூரத்தையும் கருத்தில் கொண்டு வேறு மனிதாபிமான நிவாரணப் பணிகளுக்கும் இந்தச் சலுகையை வழங்கலாம். 2006 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலிருந்தே வரும் ஏற்பாடு இது. சுனாமியும் போரும் எழுதிவைத்த வாசகம் என்று சொல்லலாம்.

பிரச்சினை அந்த வாசகத்தில் உள்ள இரண்டு சொற்களில் இருக்கிறது: ‘இடம்பெயர்ந்தவர்கள்’, ‘அரசாங்கத்தினால் அடையாளம் காணப்பட்ட’.

2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது. இத்துடன் மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று அப்போதைய அரசாங்கம் உலகத்துக்குச் சொன்னது. ஆனால் கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் கேப்பாப்பிலவு மக்கள் தமது காணிகளுக்குப் போகவில்லை. அவர்களுடைய காணிகளில் இராணுவம் இருந்தது. சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்தில் ‘மாதிரிக் கிராமம்’ என்ற பெயரில் அவர்கள் இறக்கப்பட்டார்கள். பதிவேட்டின்படி அவர்கள் மீள்குடியேறியவர்கள். வாழ்க்கையின்படி இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்கு உதவும் ஒரு சங்கம் வரிச்சலுகை கேட்டு விண்ணப்பித்தால், அதிகாரி எந்தப் பதிவேட்டைப் பார்ப்பார்?

இது கேப்பாப்பிலவுடன் முடியும் விடயமல்ல. கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால் திருத்திக் கொடுக்கும் அமைப்பு, பெண் தலைமைத்துவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தும் சங்கம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு மருந்துச் செலவு கொடுக்கும் குழு ஆகிய எதனையும் ‘இடம்பெயர்ந்தோருக்கான வாழ்வாதாரம்’ என்று சொல்வது இன்று கடினம். இடப்பெயர்வு முடிந்துவிட்டது என்று அரசு சொல்வதால், இடப்பெயர்வின் விளைவுகளுக்கு உதவுபவர்களுக்கான சலுகையும் சத்தமில்லாமல் சுருங்கிவிடுகிறது. சலுகை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதற்குள் அடங்கும் மக்கள்தான் காணாமல் போகிறார்கள்.

நன்கொடையாளர் பக்கத்திலும் இதே கதைதான். உள்ளூரில் ஒருவர் நன்கொடை கொடுத்துவிட்டுத் தனது வருமானத்திலிருந்து அதைக் கழிக்கவேண்டுமானால், பெறும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும். அந்த அங்கீகாரம் நோயாளர்களையும் தேவையுடையோரையும் இல்லம் ஒன்றில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கே உரியது. அவ்வாறான நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் தனியாள் ஒருவர் கழிக்கக்கூடியது, வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, இதில் எது குறைவோ அது மட்டும்தான். கட்டடத்துக்குள் வைத்துப் பராமரிப்பது தர்மம், வீட்டுக்குப் போய் உதவுவது தர்மமல்ல என்ற இந்தப் பார்வை, எமது ஊர்களில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது.

பொருளாளர் அக்காவின் வங்கிப் புத்தகம்

பதிவு வேண்டாம் என்று முடிவெடுக்கும் சங்கங்களில் பணம் எப்படி வருகிறது என்று விசாரித்தபோது, பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. பொருளாளராக இருக்கும் ஒரு பெண்ணின் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகள் அவருடைய பெயரை நம்பி அனுப்புகிறார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் நான் சந்தித்த அப்படியான ஒரு பொருளாளர், தோட்டக்கூலி வேலைக்குப் போகிறவர். “தம்பி, ஒரு சதம் பிசகவில்லை, கொப்பியில் எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்” என்றார். கொப்பியைப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் அந்தக் கொப்பி சங்கத்தினுடையது. வங்கிக் கணக்கு அவருடையது.

நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 10 இலட்சம் ரூபா என்ற எல்லையை எட்டும் காசுப் பரிமாற்றங்களும் இலத்திரனியல் பணமாற்றங்களும் மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கப்படுகின்றன. தொகை எவ்வளவாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது என்று வங்கி கருதினால் அறிவிக்கவேண்டும். கூலிவேலை செய்யும் ஒருவரின் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் பணம் வந்தால், ‘இது உனது வருமானமா?’ என்று இறைவரித் திணைக்களம் கேட்கலாம். ‘இது யாருடைய பணம்?’ என்று பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு கேட்கலாம். இரண்டு கேள்விகளுக்கும் அவர் தனியாகத்தான் பதில் சொல்லவேண்டும். பதிவைத் தவிர்ப்பதால் ஆபத்து இல்லாமல் போவதில்லை. சங்கத்தின் தோளில் இருக்கவேண்டிய சுமை ஒரு பெண்ணின் தோளுக்கு மாறுகிறது. இதுவே எனது வாதத்தின் மையம்.

பதிவு எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. தமிழர் புனர்வாழ்வுக் கழகம் பதிவுசெய்யப்பட்ட நிறுவனமாகவே இருந்தது. 2006 இல் அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, 2007 இல் அது தடைசெய்யப்பட்டது. அரசியல் தீர்மானம் எடுக்கப்பட்டால் சான்றிதழ் நிற்காது. ஆனால் அன்றாடம் வரும் சிறு கேள்விகளுக்கு, சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் ஒரு வரி இலக்கமும் முறையான கணக்கறிக்கையும் கொடுக்கும் பதிலை எந்தக் கொப்பியும் கொடுக்காது.

செய்யக்கூடியவை, கேட்கவேண்டியவை

நடைமுறையில் முதலில் செய்யவேண்டியது சங்கத்தின் சட்ட வடிவத்தைத் தெளிவாக்குவது. அடுத்தது யாப்பு, பதிவுச் சான்றிதழ், நிர்வாகசபைத் தீர்மானம், பொறுப்பாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றுடன் சங்கத்தின் பெயரிலேயே வரி இலக்கத்துக்கு விண்ணப்பிப்பது. வன்னியில் உள்ளவர்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இலக்கம் கிடைத்த பிறகு வேலை முடிந்துவிடாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஆண்டுக்குரிய விபரத்திரட்டை நவம்பர் 30 க்கு முன்னர் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டுகளை எறியக்கூடாது. இடம்பெயர்ந்தோர் தொடர்பான வேலை செய்பவர்கள், சலுகை தானாக வரும் என்று காத்திருக்காமல் எழுத்தில் கேட்கவேண்டும். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் பெறவேண்டும். பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கணக்காளரை வைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் சங்கங்களின் தலையில் கட்டிவிட முடியாது. நிதி நடவடிக்கைச் செயலணியின் பரிந்துரைகளைக் காரணம் காட்டித்தான் அரச சார்பற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டமூலங்கள் வரையப்படுகின்றன. 2018 இல் வந்த முயற்சி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2024 இல் மீண்டும் ஒரு வரைபு வந்தது. அதே செயலணி 2023 நவம்பரில் தனது 8 ஆவது பரிந்துரையைத் திருத்தி, ஆபத்தின் அளவுக்கு ஏற்ற நடவடிக்கை மட்டுமே வேண்டும், நியாயமான தொண்டுப் பணியை முடக்கக்கூடாது என்று தெளிவாக்கியதை யாரும் சொல்வதில்லை.

எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. சிறு சங்கங்களுக்கு, குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த நன்கொடைகளுக்கு வரியும் தண்டமும் இல்லை என்று ஏன் ஒரு எல்லை வைக்கக்கூடாது? ‘இடம்பெயர்ந்தவர்கள்’ என்ற சொல்லுடன் ‘போரினால் பாதிக்கப்பட்டவர்கள்’ என்ற சொல்லை ஏன் சேர்க்கக்கூடாது? வரிக்காகக் கொடுக்கப்படும் விபரங்கள் பாதுகாப்புத் தரப்பினரின் கைக்குச் சாதாரணமாகப் போகாது என்ற உறுதியை யார் தருவார்கள்? முரண்பாடு வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று எழுதப்பட்ட ஒரு சட்டத்துக்கு, தமிழில் விளங்கக்கூடிய வழிகாட்டியை எப்போது தருவார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை, எமது ஊர்களில் வரிப் பதிவு என்பது பயத்துக்கும் தண்டத்துக்கும் இடையிலான தெரிவாகவே இருக்கும். அந்தத் தெரிவை ஒரு பொருளாளர் தனியாகச் செய்யக்கூடாது. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதற்கு ஒரு வரி இருக்கட்டும்.