மாத்திரையின் பெயரைச் சொல்ல வெட்கமா?

மந்தைவெளியில் ராமகிருஷ்ண மடம் சாலை மருந்துக் கடை ஒன்றில் சிறிது நேரம் நின்று பாருங்கள். இருமல் மருந்து வேண்டுபவர் உரக்கக் கேட்பார். ரத்தக் கொதிப்புக்காரரும் உரக்கத்தான் கேட்பார். மனச்சோர்வுக்கு மருந்து வாங்க வந்தவர் மட்டும் சீட்டை நான்காக மடித்து நீட்டுவார். "என்ன மாத்திரை?" என்றால், "நரம்புக்கு" என்பார்.

இந்த ஒளிவு மறைவு எதற்கு? இந்த இனத்து மருந்து ஒன்றை உருவாக்கியதில் சென்னைக்காரருக்கே பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் சின்டமில். ஆங்கில எழுத்தில் அதைப் படிக்கும் தமிழன் 'சின்தமிழ்' என்பான். கொஞ்சம் இழுத்தால் செந்தமிழேதான்!

பம்பாய் கோரேகானில் 1963ல் தொடங்கிய சீபா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்கச் சென்றவர், சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராயிருந்த ரசாயனப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. அங்கே அவருடன் உழைத்த விஞ்ஞானி கே. நாகராஜனுக்கும் இந்த மருந்தில் முக்கியப் பங்குண்டு. முதலில் அதற்குப் பெயர் கிடையாது. 2330 என்ற எண்ணும், கோரேகானைக் குறிக்கும் 'கோ'வும்தான். 1982ல் சின்டமில் என்று கடைக்கு வந்தது.

ரசாயனப் பெயர் நைட்ராக்ஸசெபின். பல்லை உடைக்கும் பெயர்தான், பிரித்தால் பயமில்லை. மூன்று வளையங்கள் ஒட்டி நிற்கின்றன. நடு வளையத்தில் ஏழு அணுக்கள். அவற்றில் ஒன்று ஆக்சிஜன், ஒன்று நைட்ரஜன். ஓர வளையத்தில் நைட்ரோ தொகுதி. இவற்றைச் சேர்த்துச் சொன்னதே அந்தப் பெயர். 1950களில் சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் கூன் மனச்சோர்வுக்கு உதவுமென்று கண்ட இமிப்ரமின் இதற்கு மூத்த அண்ணன். இன்றும் கடைகளில் உள்ள அமிட்ரிப்டிலினும் இதே குடும்பம். மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்னும் பொருள்களை நரம்புகள் சீக்கிரம் திரும்ப உறிஞ்சிவிடாமல் இவை தடுக்கின்றன. மனம் தெளிய இரண்டு மூன்று வாரம் ஆகும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு, "பிரயோஜனமில்லை" என்று தூக்கி எறிவது தவறு.

நல்ல மருந்துதான். ஆனால் சாதுவான மருந்து அல்ல. வாய் உலரும், மலம் கட்டும். சிறுநீர் தடைப்படலாம். வயதானவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழக்கூடும். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர், இதய நோயாளி ஆகியோர் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. அப்படியானால் கண் டாக்டரிடமும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடமும் பெயரைச் சொல்லாமல் மறைப்பது என்ன கௌரவம்?

பெரிய அபாயம் வேறு. பத்துப் பதினைந்து நாளைக்குரிய மாத்திரையை ஒரேயடியாக விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மனம் நொந்தவர் இருக்கும் வீட்டில் இதை அலமாரியில் திறந்து வைப்பது எப்படி? பிள்ளைகள் தூக்கத்தில் சிறுநீர் கழிப்பதற்கும் இவ்வினத்து மருந்துகளைக் கொடுப்பதுண்டு. கைக்கு எட்டினால் மிட்டாயென்று நினைக்காதா குழந்தை? பூட்டி வையுங்கள், சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும்.

அப்படியும் விபரீதம் நேர்ந்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாத்திரை? எத்தனை?" என்பது. "நரம்பு மாத்திரை" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? காலி அட்டையையாவது கையோடு எடுத்துப் போங்கள்.