மீட்டரா, டிகிரியா?

செராஸில் கெராயோங் ஆற்றுக்கு 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள்? அண்ணன் மகள் கியூஜிஐஎஸ் மென்பொருளில் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் உலக வரைபடத்தையே மூடிவிட்டது. பிழைச் செய்தி ஏதும் இல்லை.

நான் முதலில் பார்த்தது லேயரின் ஆள்கூற்று முறையை. இபிஎஸ்ஜி 4326; அதன் அலகு டிகிரி. பூமத்திய ரேகையருகே ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. நம் தீபகற்பத்துக்கான 3375-க்கு, மீட்டர் அலகுக்கு, லேயரையே உருமாற்ற வேண்டும். மாற்றினோம், பட்டை ஆற்றோரத்தில் அடங்கியது.

சிவப்பு எழுத்தோடு நின்றுபோகும் ஸ்கிரிப்ட் நல்லது. வெள்ள உதவிப் பட்டியலுக்கு வெறும் எண்ணிக்கை மட்டும் போயிருந்தால், யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்? விடையைப் படத்திலும் ஒருமுறை பாருங்கள்.