நாளுக்கு ஒரு பிடி



உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டு வைக்கும் பழக்கம் நமது மூத்த பெண்களிடம் இருந்தது. பிடியரிசி என்பார்கள். அந்த ஒரு பிடியினால் அன்றைய சோறு குறைந்துவிடாது. ஆனால், சில மாதங்களில் பானை நிரம்பிவிடும். இந்தப் பிடியரிசிக் கணக்கைத் தன் உடம்பிலே போட்டுப் பார்த்த ஓர் இளைஞனைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் அவர் கலந்துகொண்ட போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் முடிப்பதற்கு டிரையத்லன் என்று பெயர். அதன் நெடுந்தூரப் போட்டிகளில் பேர்பெற்றது 'அயர்ன்மேன்'. அதாவது இரும்பு மனிதன். தண்ணீரில் ஏறக்குறைய 3.9 கிலோமீற்றர் நீந்த வேண்டும். கரையேறியதும் 180 கிலோமீற்றர் சைக்கிள் மிதிக்க வேண்டும். கொழும்பிலிருந்து காலிக்குப் போய், பாதி வழி திரும்பி வருவதற்கு ஒப்பான தூரம் அது. சைக்கிளை விட்டு இறங்கியதும் 42 கிலோமீற்றர் மரதன் ஓட்டம் காத்திருக்கும். அனைத்தையும் 17 மணித்தியாலங்களுக்குள் முடித்துவிட வேண்டும். பிந்தி வந்தால் முடித்தவர்களின் பட்டியலில் பெயர் ஏறாது.

அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜோன் கொலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் 1978இல் ஹவாயில் தொடங்கி வைத்த போட்டி இது. அந்த முதல் போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். இதன் பாதித்தூரப் போட்டி 2018, 2019ஆம் ஆண்டுகளில் நமது கொழும்பிலும் நடைபெற்றது.

நல்ல தேகபலம் உள்ளவர்களே பாதியில் விட்டுவிடும் இப்போட்டியை 2020 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 21 வயதான கிறிஸ் நிகிக் என்பவர் முடித்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவர் அயர்ன்மேன் போட்டியை முடித்தது உலகில் அதுவே முதல் தடவை.

டவுன் சின்ட்ரோம் என்றால் என்ன? நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் வழக்கமாக 46 நிறமூர்த்தங்கள் இருக்கும். 21ஆம் இலக்க நிறமூர்த்தம் இரண்டாக இருப்பதற்குப் பதிலாக மூன்றாக அமைந்து, மொத்தம் 47 ஆகிவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கர்ப்பிணித் தாய் கிரகணத்தன்று வெளியே போனதால் வருவதல்ல. அவள் உண்டதாலோ உண்ணாததாலோ வருவதுமல்ல. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு அதிகரிக்கும் என்பது உண்மை. எனினும், இளந்தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றன. ஆகவே, பெற்றவளைப் பார்த்து மாமியோ மதினியோ "உன்னால்தான்" என்று சொல்ல இதில் எந்த நியாயமும் இல்லை. ஏற்கனவே நொந்திருக்கும் நெஞ்சில் அந்த ஒரு சொல் எத்தனை வருடங்கள் முள்ளாகக் கிடக்கும் என்பதைச் சொன்னவர்கள் அறியமாட்டார்கள்.

இப்பிள்ளைகளின் தசைகள் தளர்வாக இருக்கும். நடப்பதும் பேசுவதும் பிந்தும். ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கும். கிறிஸுக்கும் இருந்தது. ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே அவருக்கு இதய சத்திர சிகிச்சை நடந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடித்திரியும் வயதில் அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். சைக்கிள் ஓட்டப் பழகியது 15ஆவது வயதில். பின்னர் காதில் செய்த சத்திர சிகிச்சைகளால் நடமாட்டம் குறைந்து உடலும் பருத்துப்போனது.

இந்நிலையில் அவருடைய தந்தை ஒரு திட்டம் போட்டார். நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். நேற்றைவிட இன்று நூற்றில் ஒரு பங்கு முன்னேற வேண்டும். முதல் நாள் ஒரு தண்டால், ஒரு தடவை குந்தி எழுவது, ஒரு தடவை படுத்தெழுவது. மறுநாள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டுவது. ஒரு தண்டால் எடுப்பதைப் பார்த்து யாரும் கைதட்டமாட்டார்கள். இதனால் என்ன ஆகப்போகிறது என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஒன்று இரண்டாகி, பத்தாகி, நூறைத் தாண்டியது. மெதுவாகக் கற்பவர் என்பதால் ஒரே பாடத்தை மற்றவர்களைவிடப் பலமுறை செய்ய வேண்டியிருந்தது. செய்தார்.

இவ்வளவும் எதற்காக? சொந்தமாக ஒரு வீடு, சொந்தமாக ஒரு கார், தன் தாயைப் போன்ற ஒரு மனைவி. இவைதான் தன் கனவுகள் என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்தத் தாயின் மகனும் காணும் கனவுகள்தாமே இவை? இத்தகைய பிள்ளைக்கும் கனவு இருக்கும் என்பதையே நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

போட்டி நாளுக்கு வருவோம். நீச்சலை அவர் ஒரு மணி 55 நிமிடத்தில் முடித்தார். சைக்கிளில் போகும்போது களைப்பாற நின்ற இடத்தில் எறும்புப் புற்று இருந்தது. கால்களை எறும்புகள் கடித்து வீங்கச் செய்தன. பிறகு சைக்கிளோடு விழுந்தார், முழங்காலில் இரத்தம். எழுந்து மீண்டும் மிதித்தார். 180 கிலோமீற்றருக்கு எட்டு மணி 12 நிமிடம் எடுத்தது. இருட்டிய பிறகும் ஓட்டம் தொடர்ந்தது. ஒரு கட்டத்தில் இனி முடியாது என்ற நிலை. அப்போது தந்தை வந்து மகனை அணைத்துக்கொண்டு, வலி வெல்லப்போகிறதா, உன் கனவு வெல்லப்போகிறதா என்று கேட்டார். மகன் மீண்டும் ஓடத் தொடங்கினார். 16 மணி 46 நிமிடம் 9 செக்கன்களில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். நேரம் முடிய 14 நிமிடங்களே எஞ்சியிருந்தன.

கின்னஸ் நிறுவனம் அச்சாதனையைப் பதிவு செய்தது. 2022 ஒக்டோபரில் ஹவாயில் நடந்த உலகப் போட்டியையும் அவர் முடித்தார்.

சகோதரிகளே! இக்கதையில் என் மனதை அதிகம் தொட்டது ஒரு கயிறு. கிறிஸ் தனியாக நீந்தவில்லை. டான் கிரீப் என்ற வழிகாட்டி கூடவே நீந்தினார். இருவரையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. ஆனால், வழிகாட்டி அந்தக் கயிற்றால் அவரை இழுத்துச் செல்லக்கூடாது. திசை தவறாமல் கூட வரலாம். கையை வீசவேண்டியவர் கிறிஸ்தான்.

பிள்ளை வளர்ப்பில் நாம் தடுமாறும் இடமும் இதுவே. ஒரு சாரார் கயிற்றையே அறுத்துவிடுகிறார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளை பின்னறைக்குப் போய்விடும். கலியாண வீட்டுக்குப் போகும்போது அயல் வீட்டில் விடப்படும். மற்றொரு சாரார் பாசத்தினால் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறார்கள். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறார்கள். பாவம், அதற்கு முடியாது என்பார்கள். முடியுமா என்று ஒரு நாளாவது பார்த்திருப்பார்களா? இரக்கம் நல்ல குணம்தான். அளவு மிஞ்சினால் அது பிள்ளையின் கையைக் கட்டிவிடும். உம்மாவும் வாப்பாவும் இல்லாத ஒரு நாள் வரத்தானே போகிறது? அன்று அந்தக் கை என்ன செய்யும்?

இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் இரும்பு மனிதராக வேண்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கிறிஸுக்குப் பயிற்றுநர் இருந்தார், வசதி இருந்தது, நாட்டின் விளையாட்டு அமைப்பு இருந்தது. சில பிள்ளைகள் எவ்வளவு பழக்கினாலும் செருப்பின் வாரைக் கூடப் பூட்டமாட்டார்கள். அதனால் அவர்களின் பெறுமதி ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. இதயக் குறை உள்ள பிள்ளைக்கு உடற்பயிற்சி தொடங்குமுன் வைத்தியரைக் கேட்பது கட்டாயம். கழுத்து எலும்பு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால் தலைகீழாக உருள்வது போன்றவற்றையும் கேட்காமல் பழக்கக் கூடாது.

ஆனால், நாளுக்கு ஒரு பிடி எல்லா வீட்டிலும் முடியும். ஐந்து பொத்தான்களில் நான்கை நீங்கள் பூட்டி, கடைசி ஒன்றை அவனிடம் விடுங்கள். பத்து நிமிடம் எடுத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடுத்த மாதம் இரண்டு பொத்தான். தன் கோப்பையைத் தானே கழுவட்டும். முதலில் உங்களோடு கடைக்கு வரட்டும். பின் நீங்கள் கடை வாசலில் நிற்க, அவனே போய்ப் பாண் வாங்கி மீதிக் காசோடு வரட்டும். உடைந்தால் ஒரு கோப்பைதான் உடையும். கொப்பி ஒன்றில் திகதி போட்டு எழுதி வையுங்கள். மனம் சோர்ந்துபோகும் நாளில் அதைப் புரட்டினால் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

வீட்டில் இருக்கும் நானாமாரும் ராத்தாமாரும் இதில் பங்கெடுக்கட்டும். தாய் ஒருத்தியே தனியாகச் சுமக்கும் வேலை அல்ல இது. அயல் வீட்டில் இத்தகைய பிள்ளை இருந்தால், அடுத்த விருந்துக்கு அழைக்கும்போது அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லி அழையுங்கள். அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.