திருத்தாதே என்று ஒரு வரி

நிரலை நிரலே எழுதும் காலம் வந்து எவ்வளவோ நாளாச்சு. சின்னதாக ஒரு வரையறையைக் கொடுத்தால் புரோட்டோபஃப் மாதிரியான கருவி பக்கம் பக்கமாகக் கொட்டித் தருகிறது. அந்த ஃபைலின் தலையில் ஒரு கமென்ட்: இது கருவி எழுதியது, திருத்தாதே. யார் கேட்கிறார்கள்? ராத்திரி பதினோரு மணி அவசரத்தில் ஒருவர் உள்ளே போய் ஒரு வரியை மாற்றுவார். அடுத்த முறை கருவி ஓடும்போது அந்தத் திருத்தம் சுவடில்லாமல் போகும், பழைய பிழை திரும்பி வரும்.

திருத்தியவருக்கு ஒழுக்கம் போதாது என்பார்கள். அபாண்டம். திருத்தக் கூடாததை, திருத்தக்கூடிய ஃபைலாக டிஸ்க்கில் போட்டு வைத்ததுதான் தப்பு.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ப்ராக்' ஃபோல்டருக்குள் 'சிபியுஇன்ஃபோ' என்ற ஃபைலைப் பாருங்கள். அளவு 0 பைட் என்று காட்டும். திறந்தால் பிராசஸரைப் பற்றி அத்தனை விவரமும் இருக்கும். டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. நீங்கள் படிக்கும் கணத்தில் கெர்னல் எழுதித் தருகிறது. 2005-ல் ஃப்யூஸ் லினக்ஸில் சேர்ந்ததிலிருந்து, கெர்னலைத் தொடாமலேயே இப்படி ஒரு ஃபைல் சிஸ்டத்தை யாரும் செய்யலாம். ஒரு பக்கம் வரையறை. மறுபக்கம் அதிலிருந்து பிறக்கும் நிரல், படிக்க மட்டும். வரையறை மாறினால் அடுத்த வாசிப்பிலேயே நிரலும் மாறியிருக்கும். கம்பைலருக்கும் எடிட்டருக்கும் அது சாதாரண ஃபைல்தான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் கோ மொழி. ராப் பைக்கும் கென் தாம்ப்சனும் பெல் லேப்ஸில் பிளான் 9 செய்தவர்கள். அங்கே திரையில் தெரியும் ஜன்னல்கூட ஃபைல்தான். அதே இருவர் ராபர்ட் க்ரீஸ்மரோடு உருவாக்கிய கோவில், 2014-ல் 1.4 பதிப்போடு 'கோ ஜெனரேட்' வந்தது. கருவியை ஓட்டு, விளைந்ததை ரெப்போவில் சேர்த்து வை என்கிறது அது. பிறகு 'திருத்தாதே' கமென்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனே வகுத்தார்கள். எச்சரிக்கைப் பலகைக்கு இலக்கணம்!

காரணம் இல்லாமல் இல்லை. பேக்கேஜை இறக்குபவரிடம் அந்தக் கருவி இருக்காது. விண்டோஸோடு ஃப்யூஸ் வராது. சரி, வெளியே அனுப்பும்போது பிரதி எடுத்து அனுப்புங்கள். தினமும் வேலை செய்யும் மேஜையில் அது எதற்கு? வேகம் குறையுமாம். வரையறை மாறாதவரை, ஒருமுறை செய்ததையே கேஷிலிருந்து கொடுத்தால் ஆச்சு.

இவ்வளவு வேண்டாம், ஃபைலின் எழுதும் உரிமையை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் கிட் அதை அடுத்தவர் கணினிக்குக் கொண்டுபோகாது. ஃபைலின் உரிமைகளில் அது நினைவில் வைப்பது ஒன்றே ஒன்று, ஓட்டலாமா கூடாதா என்பது மட்டும். கமென்ட் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும்.