கஞ்சித் தொட்டியும் சட்டப் புஸ்தகமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம் கலாசாலைக்கு வந்து பயிலும் மாணவர்களை நோக்கி, உங்கள் நாட்டுக்குப் பேருபகாரம் செய்தவர் யாவர் என்று வினவினால், அவர்கள் சிறிதும் தாமதியாது பென்னிகுயிக் துரையின் பெயரைக் கூறுவார்கள். அவருடைய படம் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதையும், அவர் பெயரைத் தங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குவதையும் பெருமையோடு எடுத்துச் சொல்லுவார்கள். நன்றி மறவாமை நல்லதே. 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரியாற்று ஜலம் மலையைக் குடைந்த சுரங்க வழியாய் இறங்கிச் சுருளியாற்றையும் வைகையையும் அடைந்தது முதல், இந்நாட்டின் முகமே மாறிற்று என்பதை மறுப்பார் இலர். ஆனால், அந்த ஜலம் வருவதற்கு முன் இப்பள்ளத்தாக்கில் மழை பொய்த்த வருஷங்களில் ஏழையும் நோயாளியும் எதைக் கொண்டு பிழைத்தார்கள், அவர்கள் விஷயத்தில் இராஜ்யத்தின் சட்டம் யாது கூறிற்று என்று நம் மாணவர்களைக் கேட்டால், விடை வருவதில்லை. அக்கேள்வியே இங்கு நாம் எடுத்துக்கொண்டது.

இந்நாட்டுப் பெரியோர் வயதுக் கணக்குக்கும் கடன் கணக்குக்கும் எல்லைக்கல்லாகத் தாது வருஷத்தைச் சொல்லி வந்தார்கள். தாது வருஷமென்பது 1876-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தது. அவ்வருஷத்தில் தொடங்கிய பஞ்சம் 1878 வரையில் மதராஸ் மாகாணத்தை வாட்டியது. அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கு மதுரை ஜில்லாவில் பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்தது. தேனி தனி ஜில்லாவானது 1996-இல்தான். 1871-ஆம் ஆண்டின் ஜனக்கணிதப்படி மதுரை ஜில்லாவில் 22 லட்சத்து 66 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருஷங்கழித்து எண்ணியபோது 21 லட்சத்து 68 ஆயிரம் பேரே இருந்தார்கள். பெருகியிருக்க வேண்டிய தொகை ஏறத்தாழ ஒரு லட்சம் குறைந்துபோயிற்று. கணக்கில் இது ஒரு வரி. அந்த வரிக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கின என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்க.

அப்பொழுது ஏழைக்கென்று சட்டமொன்றும் இல்லையா? இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. உண்டென்று சொல்லிவிடவும் முடியாது. நம் நாட்டில் பழைய அரசர்கள் சாலைதோறும் சத்திரங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் வைத்து, அவற்றின் செலவுக்கு நிலங்களை மானியமாக விட்டிருந்தார்கள். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தைக் காணாத மாணவர் இரார். கும்பெனியார் ஆட்சிக்கு வந்தபின், இந்த மானியங்கள் பலவிடங்களில் நிர்வாகிகளின் சொந்தச் சொத்தாய் மாறுவதைக் கண்டார்கள். ஆகவே, 1817-ஆம் ஆண்டில் ஏழாவது ரெகுலேஷன் என்பதை இயற்றி, கோயில், மசூதி, கல்விச்சாலை, சத்திரம் ஆகியவற்றுக்கும் பிற தருமங்களுக்கும் விடப்பட்ட சொத்துக்கள் விட்டவர் கருத்துப்படியே செலவாகிறதைப் பார்க்கும் பொறுப்பை ரெவினியூ போர்டாரிடம் ஒப்படைத்தார்கள். ஏழைக்குச் சோறிடுதல் இராஜ்யத்தின் கண்காணிப்புக்குரிய காரியம் என்பதை மதராஸில் எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம் இது. எனினும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சட்டம் காத்தது சொத்தை; பசித்தவனையன்று. சத்திரத்து நிலம் களவுபோனால் கலெக்டர் கேட்கலாம். சத்திரத்தின் வாயிலில் ஒருவன் பசியோடு திருப்பி அனுப்பப்பட்டால், எனக்குச் சேரவேண்டியது எங்கே என்று அவன் கேட்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை.

அந்தக் கண்காணிப்பும் நீடிக்கவில்லை. சமய ஸ்தாபனங்களை அரசாங்கம் நடத்தலாகாது என்ற கிளர்ச்சியின் பயனாய், 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டத்தால் கோயில்களும் மசூதிகளும் தனிக் கமிட்டிகளிடமும் தருமகர்த்தாக்களிடமும் விடப்பட்டன. அக்கிளர்ச்சியில் மிஷனரிமாருக்கும் பங்குண்டு என்பதை மிஷன் கலாசாலைச் சஞ்சிகையில் மறைப்பது அழகன்று. 1871-இல் லோக்கல் பண்டுச் சட்டம் வந்தது. குடியானவன் நிலத்தீர்வையோடு ரூபாய்க்கு ஓரணா வரையில் சேர்த்துச் செலுத்தினான். அப்பணத்தில் பாதை, பள்ளிக்கூடம், அம்மை குத்தல், ஆஸ்பத்திரி ஆகியவை நடந்தன. சத்திரங்களும் இந்த போர்டுகளின் கையில் வந்தன. 1884-இல் ஐந்தாவது சட்டம் இவற்றை ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று திருத்தியமைத்தது. நம் கிராமத்து ஏழை முதன்முதலில் ஆங்கில வைத்தியம் பெற்றது பெரும்பாலும் இந்த ஓரணாவினாலேயே என்று சொல்லலாம். துரைத்தனத்தாரின் தருமம் என்று அதைச் சிலர் கொண்டாடுகிறார்கள். பணம் துரைத்தனத்தாருடையதன்று; கோம்பையிலும் கூடலூரிலும் ஏர் உழுதவனுடையது.

நிற்க. இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டு முதலே ஏழைகள் சட்டம் இருந்தது. ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழையை வரி தண்டியேனும் காப்பாற்ற வேண்டியது அதன்படி கட்டாயம். 1834-இல் அச்சட்டம் கடுமையாக்கப்பட்டு, உதவி வேண்டுவோன் வேலைவீட்டுக்குள் அடைபட வேண்டியவனானான். அந்த வேலைவீடுகளின் கொடுமை உலகறிந்தது. ஆதலால் அந்தச் சட்டம் இந்தியாவுக்கு வராதது பாக்கியமே என்று வாதிப்பவருண்டு. அவர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்டுகிறோம். வேலைவீடு இந்தியாவுக்கு வராமலில்லை. 1869-இல் இயற்றி 1874-இல் திருத்தி வெளியிட்ட ஐரோப்பியத் திரிவோர் சட்டப்படி, வேலையற்றுத் திரியும் ஐரோப்பியருக்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் வேலைவீடுகள் அரசாங்கச் செலவில் நடந்தன. அவர்களைக் கப்பலேற்றி அனுப்பவும் அச்சட்டம் வழி செய்தது. தாது வருஷத்தில் பெரியகுளம் பாதையில் விழுந்து கிடந்த குடியானவனுக்கு அப்படிப்பட்ட சட்டமொன்றும் இல்லை. இரண்டு வருஷ இடைவெளியில் நடந்த இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

சட்டமில்லாவிடினும் உதவியில்லாமற் போகவில்லை. நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. கஞ்சித் தொட்டிகள் வைக்கப்பட்டன. கஞ்சித் தொட்டி என்ற சொல்லே மதராஸ் பட்டணத்தில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தோடு ஒட்டியது. அங்கு கஞ்சி குடிக்க வந்தவர்களின் நோய்க்கென ஏற்பட்ட வைத்தியசாலையே வளர்ந்து பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாயிற்று. ஆனால், தாது வருஷத்து உதவியின் அளவு யாருடைய மனப்போக்கைப் பொறுத்திருந்தது என்பதைப் பாருங்கள். 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாய் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவு மிஞ்சுகிறதென்று கருதி, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று குறைத்தார். மதராஸின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவில் ஒருவன் உழைத்து உயிர்வாழ இயலாதென்று வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் இறந்தவர்களுக்கு டாக்டர் கார்னிஷின் வெற்றி பயன்படவில்லை. அரை ராத்தல் அரிசி இரண்டு உத்தியோகஸ்தர்களின் வாக்குவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மண் சுமந்தவனுக்கு அவ்வாக்குவாதத்தில் வாயே இல்லை.

லண்டன் மாநகரத் தலைவர் திறந்த நிதியும் வந்தது. ஐந்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட அப்பணத்தை ஊர்தோறும் கமிட்டிகள் விநியோகித்தன. மிஷனரிமார் பலர் அவற்றில் உழைத்தார்கள். விதைத் தானியம் வாங்கவும் உழவுமாடு வாங்கவும் கூரை வேயவும் கொடுத்தது அந்நிதியின் சிறப்பு. அது உண்மையான கருணை. கருணையைக் குறைத்துப் பேசுவது எம் நோக்கமன்று. ஆயினும் கருணைக்கு ஒரு குறையுண்டு. பெறுபவன் அதை எதிர்பார்த்து விதைக்க முடியாது.

பஞ்சம் தீர்ந்தபின் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமர்ந்த கமிஷன் 1880-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதைப் பின்பற்றி 1883-இல் மாதிரிப் பஞ்சக் கோவையொன்று வெளியாகி, மாகாணங்கள் தத்தமக்கேற்பத் திருத்தி அமைத்துக்கொண்டன. அக்கோவை சிலாகிக்கத்தக்கதே. விலை ஏறுவதையும், ஜனங்கள் ஊரைவிட்டுத் திரிவதையும், திருட்டு மிகுவதையும் பஞ்சத்தின் முன்னறிகுறிகளாகக் குறிக்க வேண்டும். வலுவுள்ளோருக்கு வேலையும், முதியோர், நோயாளர், குழந்தைகள் ஆகியோருக்குக் கிராமத்திலேயே இலவச உதவியும் தரவேண்டும் என்று முறைப்படுத்திற்று. பெரியாற்றுத் திட்டம் 1882-இல் பென்னிகுயிக் துரையிடம் ஒப்புவிக்கப்பட்டதும், நீர்ப்பாசனமே பஞ்சத்துக்கு மருந்தென்று அக்கமிஷன் வற்புறுத்திய காலத்தை ஒட்டியதேயாகும்.

ஆனால், அக்கமிஷனார் ஏழைகள் சட்டமொன்றை மட்டும் வேண்டாமென்றார்கள். பஞ்ச காலத்தில் உதவி கேட்பது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால், எக்காலத்திலும் உதவி கேட்பது உரிமையென்று ஆகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். இவ்வச்சத்தை ஒளிக்காமல் எழுதியதற்காக அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் முழு விவகாரமும் அதில் அடங்கியிருக்கிறது. பஞ்சக் கோவை சட்டமன்று. உத்தியோகஸ்தர்களுக்கு மேலிடத்தார் இட்ட உத்தரவே. பஞ்சமென்று அரசாங்கம் விளம்பரம் செய்தாலன்றி அது உயிர்பெறாது. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபோதும் அவ்விளம்பரம் செய்யப்படவேயில்லை. அறுபது வருஷம் அலமாரியில் இருந்த புஸ்தகம் அலமாரியிலேயே இருந்துவிட்டது. ஏன் திறக்கவில்லையென்று கோர்ட்டில் கேட்க ஒருவருக்கும் வழியில்லை.

நோயாளர் விஷயத்தில் சட்டம் இயற்றத் துணிந்தபோதோ, அது காவலாய் முடிந்தது. 1898-ஆம் ஆண்டின் குஷ்டரோகிகள் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் ஏழைக் குஷ்டரோகியைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க இடங்கொடுத்தது. கைப்பொருளுள்ள ரோகி தன் வீட்டில் இருக்கலாம். நோய் ஒன்றே, ஏழ்மைதான் குற்றமாயிற்று. மானாமதுரைத் தயாபுரம் போன்ற இடங்களில் அன்போடு நடந்த ஊழியத்தை நாம் அறிவோம். அந்த அன்பு சட்டத்திலிருந்து வந்ததன்று. அச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது.

பெரியாற்று அணையைக் கட்டியவர்களையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. மலைக்காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சாமல் அக்காட்டில் உழைத்த கூலியாட்களில் நோயால் இறந்தோர் 483 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. வேலையில் அடிபட்டு மாண்டவனின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கச் செய்த சட்டம் 1923-இல் வந்தது. அணை கட்டி முடிந்து இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு. எட்டாயிரம் ஏக்கர் நிலத்தைத் திருவிதாங்கூராரிடம் 999 வருஷக் குத்தகைக்கு எடுத்த 1886-ஆம் ஆண்டுப் பத்திரத்தில், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை வரையில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மண்ணின் உரிமைக்கு இருந்த பத்திரம் மனிதனின் உயிருக்கு இருக்கவில்லை.

இவையெல்லாம் பழங்கதையென்று சிலர் சொல்லக்கூடும். சுதந்திரத்தின்பின் சட்டத்தின் நோக்கு மாறிற்று என்பது மெய். 1962-இல் நம் மாகாணத்தில் முதியோர் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. 2005-ஆம் ஆண்டின் கிராம வேலையுறுதிச் சட்டம், வருஷத்தில் நூறு நாள் வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையாக எழுதிற்று; பதினைந்து நாளுக்குள் வேலை கொடாவிடில் படி கொடுக்க வேண்டுமென்றும் விதித்தது. ஸ்ட்ரேச்சி கமிஷனார் எதற்கு அஞ்சினார்களோ அதுவே சட்டமாயிற்று; இராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை. அப்படி எழுதிய உரிமையைப் பின்னர் யார் திருத்த வந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திருத்தியபின், ஏழை தன் பங்கைக் கேட்கலாமா, அல்லது கொடுப்பவன் கை திறக்கும் வரையில் காத்திருக்க வேண்டுமா?

கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் பெண்களை நம் மாணவர்கள் அறிவார்கள்; சிலருக்கு அவர்கள் தாய்மாரும் சிற்றன்னைமாருமாவர். அவர்களில் ஒருத்தி தோட்டத்தில் காய்ச்சலாய் விழுந்தால், அல்லது ஜீப்பு வளைவில் கவிழ்ந்தால், எந்த இராஜ்யத்தின் எந்த அலுவலகத்தில் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்பதை அவளுக்குச் சொல்லுவார் யார்? அவள் வேலை செய்வது ஓர் இராஜ்யத்தில். உறங்குவது மற்றோர் இராஜ்யத்தில். பெயர் எழுதப்பட்ட பதிவேடு பலவேளைகளில் இரண்டிலும் இல்லை. சரித்திரமும் பொருளாதாரமும் பயிலும் நம் மாணவர்கள், இந்த விடுமுறையில் தத்தம் ஊரில் இவ்வாறு செல்லும் பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து, அவர்களுக்குச் சேரவேண்டியது இன்னதென்று கேட்டும் படித்தும் எழுதிவருவார்களாயின், அதை அடுத்த ஆண்டுச் சஞ்சிகையில் இடங்கொடுத்து வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.